ஆக்கவுரிமையின் முடிவும் பொதுப்பெயர் மருந்தின் வருகையும்: டெட்ராசைக்கிளினை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1

இலக்கிய ஆய்வாளன் ஒருவன் மருந்தின் வரலாறுபற்றி எழுதப் புகுவது துறைகடந்த செயலாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும் இவ்விடயம் அடிப்படையிற் பெயர் பற்றியதாகும். ஒரே மருந்துக்கு இருவகைப் பெயர்கள் வழங்குகின்றன. ஒன்று கம்பனியின் சொத்து. மற்றையது எவருக்கும் உரிமையற்ற பொதுப்பெயர். இவ்விரு பெயர்களுக்கும் இடையிலுள்ள விலை வேறுபாட்டைச் சிலர் இலாபமாகப் பெறுகின்றனர்; பலர் அதனை நோயாகவும் மரணமாகவும் செலுத்துகின்றனர். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையிலான உறவைச் சமூக உறவாகக் காண முயலும் எவரும் இதனைப் புறக்கணித்தல் இயலாது.

நம் இலக்கண மரபு பெயர்களை இடுகுறியென்றும் காரணமென்றும் பகுத்தது. மருந்துகளின் பொதுப்பெயர்கள் பெரும்பாலும் காரணப்பெயர்களாம். உலக சுகாதார நிறுவனம் 1953இல் வெளியிடத் தொடங்கிய பொதுப்பெயர்ப் பட்டியல்களில் ஒரே குடும்பத்து மருந்துகள் ஒரே ஈற்றைப் பெறுகின்றன. டெட்ராசைக்கிளின், டொக்சிசைக்கிளின் ஆகியவற்றின் உறவை அவற்றின் ஈறே காட்டிவிடும். வர்த்தகப் பெயரோ உறவை மறைப்பதற்கென்றே இடப்பட்ட இடுகுறியாகும். டெட்ராசைக்கிளின் என்னும் ஒரே பொருளை லெடர்லி நிறுவனம் அக்குரோமைசின் என்றும், பைசர் டெட்ராசின் என்றும், பிரிஸ்ரல் பொலிசைக்கிளின் என்றும், ஸ்குவிப் ஸ்ரெக்ளின் என்றும், அப்ஜோன் பன்மைசின் என்றும் விற்றன. பெயர் ஐந்து, பொருள் ஒன்று, பின்னர்க் காணப்போவதுபோல் விலையும் ஒன்றே.

ஆக்கவுரிமை, அதாவது தமிழகத்தார் காப்புரிமை என வழங்குவது, குறிப்பிட்ட ஆண்டுகளில் முடிவுறும். முடிவுற்றதும் பலர் அம்மருந்தை உற்பத்தி செய்வர். போட்டியால் விலை வீழும். மருந்து ஏழையையும் எட்டும் என்பதே பொதுவாக நிலவும் விளக்கமாகும். கனிந்த கனி தானாக விழுமென்ற நம்பிக்கையே இதன் அடித்தளம். இவ்விளக்கம் முற்றிலும் பொய்யன்று. ஆயினும் அது வரலாற்றைக் கணக்கிலெடாத அரை உண்மையாகும். ஆக்கவுரிமையின் முடிவுக்கும் மருந்தின் வருகைக்கும் இடையே அரசு, சந்தை, மருத்துவரின் பேனா என்னும் வாயில்கள் உள்ளன என்பதையும், அவற்றுள் எதுவும் தானாகத் திறந்ததில்லை என்பதையும் நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

ஆக்கவுரிமை இயற்கை உரிமையன்று. வணிக முதலாளித்துவம் தோன்றிய நகரங்களிற் பிறந்த சட்டச் சாதனமே அது. வெனிஸ் நகர அரசின் 1474ஆம் ஆண்டுச் சட்டம் புதிய கருவியை ஆக்கியோனுக்குப் பத்தாண்டுத் தனியுரிமை வழங்கியது. இங்கிலாந்தின் 1624ஆம் ஆண்டு ஏகபோகச் சட்டம் அதனைப் பதினான்கு ஆண்டுகளாக வரையறுத்தது. பதினான்கு என்னும் எண்ணுக்கு விஞ்ஞானக் காரணம் எதுவுமில்லை. தொழில் பயிலும் ஒருவன் ஏழாண்டுக்காலம் ஆசானிடம் கட்டுண்டிருந்த வழக்கத்தின் இருமடங்கே அது. ஆக்கியோன் தன் நுட்பத்தை வெளியிடவேண்டும். அதற்குக் கைமாறாக அரசு அவனுக்குக் காலவரையறையுள்ள ஏகபோகத்தை வழங்கும். இதுவே அவ்வொப்பந்தத்தின் சாரம்.

இவ்வொப்பந்தத்துள் மருந்தை அடக்கலாமா என்னும் வினா முதலாளித்துவ நாடுகளையே நெடுங்காலம் தயங்கவைத்தது. பிரான்சின் 1844ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துக்கு ஆக்கவுரிமை மறுத்தது. ஜேர்மனியின் 1877ஆம் ஆண்டுச் சட்டம் செய்முறைக்கு மட்டும் உரிமை வழங்கிப் பொருளுக்கு மறுத்தது. சுவிற்சர்லாந்து 1977 வரையும் இத்தாலி 1978 வரையும் மருந்தெனும் பொருளுக்கு ஆக்கவுரிமை வழங்கவில்லை. இன்று உலகுக்கு ஆக்கவுரிமையின் புனிதத்தைப் போதிக்கும் நாடுகள், தம் மருந்துக் கைத்தொழில் வேரூன்றும்வரை அப்புனிதத்தை ஏற்றுக்கொள்ளவில்லை என்பது மனங்கொளத்தக்கது.

3

டெட்ராசைக்கிளினின் கதையை இப்பின்புலத்திலேயே நோக்கவேண்டும். லெடர்லியில் பணியாற்றிய முதிய தாவரவியலறிஞர் பெஞ்சமின் டகர் மண்ணில் வாழும் நுண்ணுயிரொன்றிலிருந்து பெற்ற ஒரியோமைசின் 1948இல் சந்தைக்கு வந்தது. 1950இல் பைசரின் ரெறாமைசின் அதனைத் தொடர்ந்தது. பைசரின் வேதியியலறிஞர் லொயிட் கொனோவர் ஒரியோமைசின் மூலக்கூறிலிருந்து குளோரினை நீக்கி டெட்ராசைக்கிளினைப் பெற்றார். மண்ணின் நுண்ணுயிர், பல்லாண்டுகால வேதியியல் அறிவு, பல ஆய்வுகூடங்களின் உழைப்பு ஆகியன ஒருங்கிணைந்த சமூக விளைபொருள் இது. 1955 ஜனவரி 11ஆம் நாள் அது பைசரின் தனிச்சொத்தாயிற்று. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி பதினேழாண்டு உரிமை 1972 ஜனவரியில் முடிவுறும்.

இவ்வுரிமைக்குப் பைசர் மட்டும் போட்டியிடவில்லை. லெடர்லியின் தாய்க்கம்பனியான அமெரிக்கன் சயனமிட், பிரிஸ்ரல் ஆகியனவும் உரிமை கோரின. வழக்காடி உண்மை வெளிப்படின் எவருக்கும் உரிமை கிட்டாது போகலாம் என்ற நிலையில் அவை தம்முள் இணங்கின. பைசர் உரிமையாளராயிற்று, ஏனையவை அனுமதி பெற்றன, ஸ்குவிப்பும் அப்ஜோனும் விற்பனையிற் சேர்ந்தன. மருந்துக்கடைகளுக்கு நூறு கப்சியூல்களின் விலை 30.60 டொலர், நோயாளிக்கு ஏறத்தாழ 51 டொலர். ஐந்து கம்பனிகளும் சதம் பிசகாமல் இவ்விலையையே வைத்தன.

1959 டிசெம்பரில் செனற்றர் எஸ்ரிஸ் கீஃபோவரின் தலைமையிலான துணைக்குழு மருந்து விலைபற்றிய விசாரணையைத் தொடங்கியபொழுது இவ்விலையொற்றுமை பகிரங்கமாயிற்று. ஆக்கவுரிமை அலுவலகத்துக்குத் தவறான தகவல் அளித்தே உரிமை பெறப்பட்டதென்று கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு கண்டது. நீண்ட வழக்கின் பின்னர், கோருவோர் எவருக்கும் 2.5 வீத உரிமத்தொகைக்கு அனுமதி வழங்கவேண்டுமென்ற ஆணையை 1968இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. மறுபுறத்தில், விலைச்சதிக் குற்றச்சாட்டில் 1967இல் குற்றவாளிகளெனக் காணப்பட்ட கம்பனிகள், மேன்முறையீட்டின் பின் 1973இல் விடுவிக்கப்பட்டன. எனவே டெட்ராசைக்கிளின் ஆக்கவுரிமை சட்டப்படி 1972இல் இறந்ததாயினும், அதன் ஏகபோக வலிமை அதற்கு முன்னரே முறிக்கப்பட்டுவிட்டது எனலாம். அதனை முறித்தது காலமன்று; பகிரங்க விசாரணையும் வழக்குமே.

இங்கு வேறொரு முரண்பாடும் கருதத்தக்கது. கீஃபோவரின் மூல மசோதா மூன்றாண்டுகளின் பின்னர் மருந்துகளுக்குக் கட்டாய அனுமதி வழங்கவேண்டுமெனக் கோரிற்று. தலிடொமைட் என்னும் மருந்தினால் அங்கவீனமாய்ப் பிறந்த குழந்தைகள் உலகின் மனச்சாட்சியை உலுக்கிய 1962இல் அம்மசோதா சட்டமாயிற்று; ஆனால் விலையும் ஆக்கவுரிமையும் பற்றிய பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன. எஞ்சியது, மருந்தின் பயனைப் பரிசோதனைகளால் நிறுவவேண்டுமென்ற நியாயமான விதி. அந்த விதியே பின்னர் புதியதொரு மதிலாக மாறியமையைக் கீழே காண்போம்.

4

ஆக்கவுரிமை நாட்டெல்லைக்குட்பட்டது. அமெரிக்காவிற் சொத்தாயிருந்த பொருள் இத்தாலியிற் பொதுவாயிருந்தது. அங்கு உற்பத்தியான மலிவான டெட்ராசைக்கிளினை 1961இல் பிரித்தானியத் தேசிய சுகாதாரச் சேவையின் மருத்துவமனைகளுக்கு இறக்குமதி செய்யத் தீர்மானித்தவர் ஈனொக் பவல். அவர் சோஷலிசவாதியல்லர், சந்தையில் ஆழ்ந்த நம்பிக்கை வைத்த பழைமைவாதக் கட்சிச் சுகாதார அமைச்சர். முடிக்குரிய சேவைகளுக்காக ஆக்கவுரிமையை மீறிப் பொருளைப் பயன்படுத்த 1949ஆம் ஆண்டு ஆக்கவுரிமைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு இடமளித்தது. பைசர் வழக்குத் தொடுத்தது; 1965இல் பிரபுக்கள் சபை அமைச்சருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அரசு தானே மருந்தை வாங்கும் நிலையில், முதலாளித்துவ அரசுகூட ஏகபோகத்தோடு மோதவேண்டிய கட்டாயம் ஏற்படுகிறது. தனிமனிதரின் கொள்கையைவிடப் பொருளாதார நிலைமை வலிது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை.

இந்தியாவின் அனுபவம் இதனினும் ஆழமானது. காலனித்துவ ஆட்சி இயற்றிய 1911ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துப் பொருளுக்கும் ஆக்கவுரிமை வழங்கியது. உலகிலேயே மருந்து விலை மிகவுயர்ந்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்றென்று கீஃபோவர் குழு குறிப்பிட்டது. உலகின் வறிய மக்கள் உலகின் உயர்ந்த விலையைச் செலுத்தினர். நீதிபதி ந. ராஜகோபால ஐயங்காரின் 1959ஆம் ஆண்டு அறிக்கை, இந்திய ஆக்கவுரிமைகளில் 80 முதல் 90 வீதம் அந்நியரிடம் இருந்ததையும், அவற்றுள் 90 வீதத்துக்கு மேற்பட்டவை இந்தியாவில் உற்பத்திக்குப் பயன்படுத்தப்படாததையும் எடுத்துக்காட்டியது. தொழிலை வளர்க்கவென வழங்கப்பட்ட உரிமை, தொழிலைத் தடுத்து இறக்குமதிச் சந்தையைக் காக்கும் வேலியாயிற்று.

அதன் விளைவே 1972 ஏப்ரல் 20ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம். மருந்துகளுக்குச் செய்முறை உரிமை மட்டும் வழங்கப்பட்டது. அதுவும் விண்ணப்பித்ததிலிருந்து ஏழாண்டு அல்லது உரிமை முத்திரையிடப்பட்டதிலிருந்து ஐந்தாண்டு, இவற்றுட் குறுகியது எதுவோ அதுவரையே. ஆனால் சட்டம் மட்டும் மாத்திரையைச் செய்யாது. பிம்பிரியில் உலக சுகாதார நிறுவனத்தினதும் யுனிசெப்பினதும் உதவியோடும், ரிஷிகேஷில் சோவியத் ஒன்றியத்தின் உதவியோடும் அமைக்கப்பட்ட பொதுத்துறை நுண்ணுயிரெதிரி ஆலைகளில் பயின்ற தொழில்நுட்பர் கூட்டமே பின்னாளில் தனியார் மருந்துக் கைத்தொழிலுக்கும் உரமாயிற்று. சட்டமும் உற்பத்திச் சக்தியும் ஒருங்கே வளர்ந்தமையாலேதான் பொதுப்பெயர் மருந்து அங்கு பெருகியது.

5

இலங்கையின் நிலைமை வேறு. நம்மிடம் பெருங்கைத்தொழில் இருக்கவில்லை. ஆனால் அரசு மருத்துவமனை வலைப்பின்னலும், அரசே பெருங்கொள்வனவாளராயிருக்கும் வாய்ப்பும் இருந்தன. மருந்தியற் பேராசிரியரும் லங்கா சமசமாஜக் கட்சியைச் சார்ந்தவருமான சேனக பிபிலேயும், கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கை இவ்வாய்ப்பை நன்குணர்ந்ததாகும். அதே ஆண்டு அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. பிபிலே அதன் முதலாவது தலைவரானார். தனியார் துறையில் வழங்கிவந்த ஏறத்தாழ 2,100 மருந்துகள் சுமார் 600ஆகக் குறைக்கப்பட்டன. இறக்குமதி ஒருமுகப்படுத்தப்பட்டது; உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரப்பட்டது; பொதுப்பெயரில் எழுதும் வழக்கம் வற்புறுத்தப்பட்டது.

இங்குதான் டெட்ராசைக்கிளின் மீண்டும் தோன்றுகிறது. பிபிலேயும் பொருளியலறிஞர் சஞ்சய லாலும் இணைந்து எழுதி 1977இல் வெளியான ஆய்வு அந்நிகழ்ச்சியைப் பதிவுசெய்துள்ளது. 1974இல் கூட்டுத்தாபனம் ஹெக்ஸ்ற் நிறுவனத்திடமிருந்து மிகக் குறைந்த விலைக்கு டெட்ராசைக்கிளின் மூலப்பொருளை வாங்கி, இலங்கையில் ஆலை வைத்திருந்த பைசரிடம் அதனைக் கப்சியூலாக்கித் தருமாறு கோரிற்று. பைசர் இணங்கவில்லை. வாந்திபேதி பரவிய காலத்தில், இயந்திரங்கள் இங்கேயே இருக்க, ஆயத்த மருந்தை அவசரமாக ஆகாயவழியே தருவிக்க நேர்ந்தது. கம்பனியின் ஆலையைத் தேசியமயமாக்கும் எண்ணம் எழுந்தபொழுது அமெரிக்கத் தூதுவர் பிரதமரிடம் தலையிட்டார், எண்ணம் கைவிடப்பட்டது.

ஆண்டைக் கவனிக்க. அமெரிக்காவிலேயே ஆக்கவுரிமை முடிந்து இரண்டாண்டுகள் கடந்துவிட்டன. இங்கு மருந்தின் வழியை மறித்தது ஆக்கவுரிமையன்று. ஆலையின் உடைமை, வல்லரசின் தூதரகம், வர்த்தகப் பெயருக்குப் பழகிய மருத்துவரின் பேனா ஆகியனவே அதனை மறித்தன. சட்டத்தில் இறந்த ஏகபோகம் உடைமையுறவில் உயிரோடிருந்தது. ஆக்கவுரிமை முடிந்தால் மருந்து வந்துவிடும் என்போர் விளக்கவேண்டிய இடம் இதுவே.

பிபிலேயின் வழி நாட்டெல்லை கடந்தது. 1976இல் கொழும்பில் கூடிய அணிசேரா நாடுகளின் உச்சிமாநாடு மருந்துத்துறை ஒத்துழைப்புப்பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. 1977இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் பிபிலே கயானாவில் காலமானார். ஆட்சிமாற்றத்தின் பின்னர் கூட்டுத்தாபனத்தின் இறக்குமதித் தனியுரிமை தளர்த்தப்பட்டது. 1906ஆம் ஆண்டின் காலனித்துவச் சட்டத்தினிடத்தில் 1979இல் வந்த கோவை பதினைந்தாண்டு ஆக்கவுரிமை வழங்கியது; 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம் அதனை இருபதாண்டாக்கியது.

6

1962ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் எழுப்பிய மதிலுக்கு இனித் திரும்புவோம். அதன் பின்னர் அங்கீகாரம் பெற்ற மருந்தொன்றின் ஆக்கவுரிமை முடிந்தாலும், வேறொருவர் அதனை விற்க விரும்பின் பயனை நிறுவும் பெரும் பரிசோதனைகளைத் தாமும் மீள நடத்தவேண்டியிருந்தது. அறிந்ததை மீள அறியும் இச்செலவைச் சிறு உற்பத்தியாளர் தாங்கவில்லை. ஆக்கவுரிமை முடிந்தும் பொதுப்பெயர் மாற்று இல்லாத ஏறத்தாழ 150 மருந்துகள் 1984இல் இருந்தனவென்று அமெரிக்கக் காங்கிரஸ் அறிக்கை கூறிற்று.

அவ்வாண்டில் இரு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடந்தன. போலார் என்னும் கம்பனி, றோஷின் தூக்கமருந்தொன்றின் உரிமை முடியுமுன்னரே அங்கீகாரத்துக்கான சோதனையைத் தொடங்கியது. சோதனையும் உரிமை மீறலே என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது உரிமை முடிந்த பின்னரே ஆயத்தம் தொடங்கலாம். ஆயத்தத்துக்குச் செல்லும் ஆண்டுகள் முழுவதும் ஏகபோகத்துக்கு இலவச நீட்டிப்பு. சில மாதங்களில், செப்டெம்பரில், ஹற்ச்–வக்ஸ்மன் சட்டம் இத்தீர்ப்பை மாற்றியது. முன்னரே சோதிக்கலாம், மூலமருந்துக்குச் சமமாக உடலிற் சேர்கிறதென நிறுவினாற் போதும். கைமாறாக, அங்கீகாரத்திற் கழிந்த காலத்துக்கு ஈடாக ஐந்தாண்டு வரை உரிமை நீட்டிப்பும், உரிமை வழக்குத் தொடுத்தாற் போட்டியாளருக்கு முப்பது மாத அங்கீகாரத் தடையும் மூலக்கம்பனிகளுக்குக் கிடைத்தன. இது சமரசமே. எனினும் 1984இல் அமெரிக்க மருந்துச்சீட்டுகளில் ஐந்திலொரு பங்களவாயிருந்த பொதுப்பெயர் மருந்துகள் பின்னர் பத்தில் ஒன்பது பங்களவாயின. சட்டத்தின் ஒரு வாயில் திறந்தமையின் விளைவு இது.

மூலதனமும் ஓய்ந்திருக்கவில்லை. இறக்கும் உரிமைக்கு வாரிசு தேடுவது அதன் உத்தியாயிற்று. ஒமெப்பிரசோலின் அமெரிக்க உரிமை 2001 ஒக்ரோபரில் முடிவுற இருந்தபொழுது, அதன் கண்ணாடி வடிவங்களுள் ஒன்றேயான எசொமெப்பிரசோல் புதிய பெயரோடும் புதிய உரிமையோடும் அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஹியூமிரா என்னும் மருந்தின் முதன்மை உரிமை 2016இல் முடிந்தது. ஆனால் நூற்றுக்கு மேற்பட்ட துணை உரிமைகள் சூழ்ந்திருந்தமையால் அமெரிக்காவில் அதன் முதல் மாற்று 2023 ஜனவரியிலேயே வந்தது. ஐரோப்பாவில் 2018இலேயே மாற்று வந்துவிட்டது. மருந்து ஒன்று, நோய் ஒன்று, சட்டப் புதர்கள் வேறு.

உலகளவில் 1995 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக நிறுவன உடன்படிக்கை இருபதாண்டு ஆக்கவுரிமையை உறுப்பு நாடுகளின் கடமையாக்கியது. அதற்காக 1986 முதல் அணிதிரட்டியோருள் முன்னின்றவர் பைசரின் தலைவர் எட்மண்ட் பிராற். இத்தாலியிடமும் பவலிடமும் கற்ற பாடத்தைக் கம்பனி மறக்கவில்லை. 2005இல் இந்தியா மருந்துப் பொருளுக்கு மீண்டும் உரிமை வழங்கியது. எனினும் பழைய பொருளின் புதிய வடிவத்துக்குக் கூடுதல் மருத்துவப் பயன் நிறுவப்பட்டாலன்றி உரிமையில்லை என்னும் 3(ஈ) பிரிவைச் சேர்த்தது. சென்னை ஆக்கவுரிமை அலுவலகத்தில் 2006இல் நொவாற்றிஸின் புற்றுநோய் மருந்து உரிமைக்கோரிக்கை நிராகரிக்கப்பட்டதும், 2013 ஏப்ரல் 1ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்ததும் இப்பிரிவின்பாற்பட்டன.

அண்மைச் சான்று பெடாகுயிலின். நாற்பதாண்டுகளுக்கு மேலாகப் புதுவகை மருந்தெதுவும் காணாத காசநோய்க்கு 2012இல் அமெரிக்க அங்கீகாரம் பெற்ற மருந்து அது. அதன் மூல உரிமை இந்தியாவில் 2023 யூலையில் முடிந்தது. ஜோன்சன் அன் ஜோன்சன் மருந்தின் உப்பு வடிவத்துக்குத் தனியுரிமை பெற்று 2027 வரை காலத்தை நீட்ட முயன்றது. காசநோய் மருந்தின் பக்கவிளைவால் செவிப்புலன் இழந்த இரு பெண்கள், மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசனும் தென்னாபிரிக்காவின் பூமேசா ரிசிலேயும், எதிர்மனு அளித்தனர். 2023 மார்ச்சில் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. யூலைக்குப் பின்னர் பொதுப்பெயர் மருந்துக்கு வழி திறந்தது. இங்கும் நாட்காட்டி தனித்து வேலை செய்யவில்லை. நோயாளரே நாட்காட்டியைக் காத்தனர்.

7

பொதுப்பெயர் உற்பத்தியாளரை மக்கள் நண்பராகக் கொள்ளும் மயக்கமும் தவிர்க்கப்படவேண்டும். அவரும் மூலதனத்தின் நியதிக்குட்பட்டவரே. போலித் தரவுகளையும் தரக்குறைவான உற்பத்தியையும் பற்றிய குற்றங்களை ரன்பக்ஸியின் அமெரிக்கக் கிளை 2013இல் ஒப்புக்கொண்டு 50 கோடி டொலர் செலுத்த இணங்கியது. போட்டியை நிறுத்தும்படி மூலக்கம்பனி கொடுக்கும் பணத்தைப் பெற்று வருகையைத் தாமதித்த பொதுப்பெயர்க் கம்பனிகளும் உண்டு. அத்தகைய உடன்படிக்கைகள் ஏகபோகத்தடைச் சட்டத்தின் விசாரணைக்குட்பட்டவை என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் அதே ஆண்டிற் கூறியது. மலிவும் தரமும் ஒருங்கே கிட்டவேண்டுமாயின் பொதுமக்களுக்குப் பொறுப்புக்கூறும் ஆய்வுகூடமும் கண்காணிப்பும் வேண்டும். பிபிலேயின் திட்டத்தை எதிர்த்தோர் தரத்தைக் காரணங்காட்டினர். அக்காரணத்தை வெறும் சூழ்ச்சியென்று ஒதுக்குதல் தவறு. தரத்தை நிறுவும் பொறுப்பைச் சந்தையிடம் விடாது பொதுத்துறையே ஏற்றலே அதற்கான விடை.

2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியில் நம் மருத்துவமனைகளில் ஏற்பட்ட மருந்துத் தட்டுப்பாடு இவ்வாய்வுக்கு இறுதிக் குறிப்பாக அமைகிறது. அன்று இல்லாதுபோனவற்றுட் பல என்றோ ஆக்கவுரிமை முடிந்த சாதாரண மருந்துகள். உரிமையின் வேலி அங்கு இருக்கவில்லை, இருந்தது உற்பத்தியின்மை. அரைநூற்றாண்டுக்கு முன்னர் ஒரு கப்சியூல் ஆலை எவர் கையிலிருந்தது என்ற வினாவே வேறு வடிவில் மீண்டெழுந்தது.

ஆகவே ஆக்கவுரிமையின் முடிவு சட்டம் குறிக்கும் ஒரு நாள். பொதுப்பெயர் மருந்தின் வருகையோ சமூக சக்திகள் தீர்மானிக்கும் நிகழ்வு. முன்னதற்கும் பின்னதற்கும் இடையிலுள்ள தூரத்தைக் கீஃபோவரின் விசாரணை குறைத்தது. ஐயங்காரின் அறிக்கை குறைத்தது. பிபிலேயின் பட்டியல் குறைத்தது. செவிப்புலன் இழந்த இரு பெண்களின் மனு குறைத்தது. மருந்துச்சீட்டில் எந்தப் பெயர் எழுதப்படுகிறது என்பதிலிருந்து ஆலை எவருடையது என்பது வரை அத்தூரத்தின் ஒவ்வொரு படியும் இன்னும் போராட்டக் களமாகவே உள்ளது. மருந்துச்சீட்டிற் பொதுப்பெயரை எழுதும் மருத்துவரும், கேட்டு வாங்கும் நோயாளியும், பொது ஆலையைக் கோரும் தொழிலாளியும் அக்களத்தின் ஒரே பக்கத்தில் நிற்கின்றனர்.